எட்டு வடிவ ஒலிவாங்கியும் வாய்மொழிப் பாடற் பதிவும்

தமிழாசிரியர்க்கும் ஒலிவாங்கிக்கும் என்ன உறவு என வினவுவார் உளர். வாய்மொழியாக வழங்கும் கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து ஆகியவற்றைத் தொகுக்கப் புறப்படுவோர்க்கு அவ்வுறவு தவிர்க்க இயலாதது. பக்கீர் மரபில் வந்த முதியவர் ஒருவரை 2016ஆம் ஆண்டு நம் துறைக்கு அழைத்துப் பாடச் செய்தோம். தாயிராவை நெஞ்சோடு அணைத்து இரண்டு மணி நேரம் பாடினார். மேடைப் பேச்சுக்கென வைத்திருந்த ஒலிவாங்கியிலேயே அனைத்தையும் பதிவு செய்தோம். கேட்டு எழுத அமர்ந்தபோதுதான் இழப்புப் புலனாயிற்று. மோனை நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் முழக்கம் நின்றது. சீரின் முதலெழுத்து யாதெனத் தெரியாமல் மாணவர்கள் புள்ளியிட்டு நகர்ந்தனர்.

குற்றம் பாடியவருடையதன்று; கருவியைத் தேர்ந்த நம்முடையது. மேடை ஒலிவாங்கி பெரும்பாலும் இதய வடிவில் கேட்கும். முன்புறத்தை நன்றாகவும், பக்கங்களைப் பாதியளவும், பின்புறத்தை மிகக் குறைவாகவும் வாங்கும். பாடுபவரின் வாயும் அவர் கைத்தாயிராவும் அதற்கு முன்புறத்திலேயே இருக்கும்போது ஒன்றை ஏற்று மற்றொன்றை விலக்க அதனால் இயலாது.

இங்கேதான் எட்டு வடிவ ஒலிவாங்கி பயன்படுகிறது. தமிழ் பயில்வோர்க்கு எட்டு என்றவுடன் 'அ' என்னும் தமிழ் எண் நினைவுக்கு வரலாம். நாம் குறிப்பது 8 என்னும் வடிவத்தை. அதன் இரு வட்டங்களும் இவ்வொலிவாங்கி கேட்கும் முன்னும் பின்னும் ஆகும். இடுப்பு அதன் செவிட்டுத் திசை. ரிப்பன் வகையில் இதன் காரணத்தை எளிதில் காணலாம். காந்த முனைகளுக்கிடையே சில மைக்ரான் தடிப்பே உள்ள அலுமினியப் பட்டை தொங்குகிறது. அதன் இரு முகங்களும் காற்றுக்குத் திறந்தவை. முன்னிருந்தோ பின்னிருந்தோ வரும் ஓசை பட்டையை அசைக்கும். விளிம்பின் திசையிலிருந்து வரும் ஓசையோ இரு முகங்களையும் ஒரே நேரத்தில் ஒரே அளவில் அழுத்துவதால் பட்டை அசைவதில்லை. இச்செவிட்டுத்தன்மை இடம், வலம், மேல், கீழ் என விளிம்பைச் சுற்றிலும் உண்டு. நேர்முகத்திலிருந்து 60 பாகை விலகினால் ஓசை பாதியாகும். 90 பாகையில் அற்றுப்போகும்.

இத்தகைய இரண்டு ஒலிவாங்கிகளை ஒன்றுக்கொன்று செங்கோணமாக நிறுத்தி இசைக்குழுவின் இடவலத்தைப் பதிக்கும் முறையை ஆலன் புளூம்லைன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1931இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்றும் அம்முறை அவர் பெயராலேயே வழங்குகிறது. ரேடார் ஆய்வுக்காகச் சென்ற விமானம் வீழ்ந்து 1942இல் மறைந்தபோது அவருக்கு வயது 38. பாடலின் சொல்லைக் காப்பதே நோக்கமெனில் ஒரே ஒலிவாங்கி போதும்.

வாங்குவோர் கருத வேண்டியவை சில உண்டு. இரட்டைத் தகட்டு மின்தேக்கி ஒலிவாங்கிகளிலும் எட்டு வடிவத்தைத் தேர்ந்துகொள்ளலாம். ஓசை வலிமையாக வரும். ஆயினும் செவிட்டுத் திசையின் தூய்மையில் நல்ல ரிப்பனையே நாம் விரும்புகிறோம். ரிப்பனின் ஓசை மெலிந்தது; இரைச்சலின்றிப் பெருக்கும் கருவி உடன் வேண்டும். பழுதுற்ற கம்பிவழி 48 வோல்ட் ஃபாண்டம் மின்சாரம் பாய்ந்தால் பட்டை கெடக்கூடும்; அதனை அணைத்துவிட்டே இணைத்தல் நன்று. நம் மேடைகளில் ஒலிவாங்கியை வாயால் ஊதிச் சோதிக்கும் வழக்கம் உண்டல்லவா? ரிப்பனுக்கு அவ்வொரு மூச்சே போதும். மின்விசிறிக் காற்றும் ஆகாது.

2017இல் அம்முதியவரை மீண்டும் அழைத்தோம். இரவல் வாங்கிய ரிப்பன் ஒலிவாங்கியை அவர் வாய்க்கு நேரே ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தொலைவில் நிறுத்தினோம். "பாவா, தாயிராவைச் சற்றுத் தாழ்த்தி முன்னே பிடியுங்கள்" என வேண்டினோம். "தாழ்த்தினால் கை வலிக்கும், வாத்தியார்" என்றார், ஆயினும் இசைந்தார். ஒலிவாங்கியின் அடிப்பகுதி தாயிராவை நோக்குமாறு சிறிது சாய்த்தோம். தொலைவு மிகுந்தால் வாய்க்கும் தாயிராவுக்கும் இடைப்பட்ட கோணம் சுருங்கிவிடும். குறைந்தால் அண்மை விளைவால் குரல் கனத்துவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே இடம் தேடுவதிலேயே அரைமணி நேரம் கழிந்தது. பின்முகமும் கேட்குமாதலால் துணைப்பாடகரை எதிரே அமர்த்தினோம். பாட்டும் மறுபாட்டும் ஒரே கருவியில் அடங்கின. பின்புற ஓசை தலைகீழ் அலையாகப் பதிவாகும். வேறோர் ஒலிவாங்கியோடு கலக்கும்போதுதான் அது தொல்லை தரும்.

தாயிரா அகன்ற தோற்கருவி. அதன் ஓசை சுவர்களிற் பட்டும் மீளும். எனவே முழக்கம் முற்றும் மறையவில்லை. சொல்லுக்குப் பின்னே ஒதுங்கி நின்றது. இரண்டு கிஸ்ஸாக்களையும் ஒரு மசலாவையும் எழுத்துப் பிசகாமல் எழுதி முடித்தோம்.

முதல்முறை பாடிய முனாஜாத்தை மீண்டும் பாடுமாறு கேட்டபோது நெடுநேரம் கண்மூடி இருந்தார். "அன்று வந்தது, இன்று வரவில்லை" என்றார். அதன் பதினேழு அடிகள் நம் குறிப்பேட்டில் இன்றும் புள்ளிகளாகவே உள்ளன.