மார்க் குறைந்தால் சோம்பல்தானா?

ரமணாசிரமம் பக்கம் என் வைத்தியசாலை. ஒருநாள் ஓர் அம்மா, பிளஸ் டூ படிக்கும் மகனைக் கூட்டிவந்தார்.

"பத்தாவதுல கணக்குல 90 வாங்கினான் சார். இப்ப பாஸ் ஆவறதே கஷ்டம். யார்கிட்டயும் பேசறதில்ல. ஞானம் வந்துடுச்சோன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. ஏதாவது லேகியம் குடுங்க."

1896-ல், 16 வயதில், இங்கு வந்து மௌனமாக அமர்ந்தவர் ரமணர். அதனால் இந்த ஊரில் மௌனத்தைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. ஆனால் இந்தப் பையனுக்கு ராத்தூக்கம் இல்லை; காதில் யாரோ திட்டுகிறார்கள் என்றான். லேகியம் தராமல் மனநல டாக்டரிடம் அனுப்பினேன்.

சித்த மருத்துவ நூல்கள் மனநோய்களைக் 'கிரிகை' என்று 18 வகையாகப் பிரிக்கின்றன. இன்று நாம் பேசுவது மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா.

இது ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ வரும். பெண்களுக்குச் சில வருடம் தள்ளி. சிலருக்கு மாதவிடாய் நிற்கும் வயதில்.

1946-ல் பிரிட்டனில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். பின்னாளில் இந்நோய் வந்தவர்கள், 8, 11, 15 வயதுச் சோதனைகளிலேயே சராசரியாகச் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். வித்தியாசம் சிறியது, மார்க்கை வைத்து யாருக்கும் ஜோசியம் சொல்ல முடியாது.

ஆண், பெண் வேறுபாடு? அறிவுத்திறனை மட்டும் அளந்த ஆய்வுகள் ஒரே முடிவைச் சொல்லவில்லை. ஆனால் படிப்பிலும் பழகுவதிலும் முன்கூட்டியே வரும் சறுக்கல் பையன்களிடம் அதிகம் தெரிகிறது. நோய் தள்ளி வருவதால் பெண்கள் பலர் படிப்பை முடித்துவிடுகிறார்கள். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஓரளவு காப்பதாக ஒரு கருத்து உண்டு.

நாம் என்ன செய்கிறோம்? பையனைத் 'தறுதலை' என்று அடிக்கிறோம். பெண்ணை, 'நல்லாத்தானே படிச்சா, கல்யாணம் பண்ணினா சரியாயிடும்' என்கிறோம். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' நிறுவனம், இந்நோயால் மணவாழ்க்கை முறிந்த பெண்களை ஆராய்ந்தது. பலர் ஜீவனாம்சம்கூட இல்லாமல் தாய்வீட்டில்தான் இருந்தார்கள்.

பெற்றோர்களே, இவற்றைக் கவனியுங்கள்:

* நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று சறுக்குவது
* நண்பர்களை விட்டு ஒதுங்குவது
* குளியல், உடையில் அக்கறை போவது
* தூக்கம் கெடுவது, காரணமில்லாத சந்தேகம்

இவை சில வாரம் நீடித்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். 14416 என்ற இலவச 'டெலி மானஸ்' எண்ணிலும் பேசலாம். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு என்னைப் போன்ற வைத்தியரிடம் வராதீர்கள், மாத்திரையோடு வாருங்கள்.

தியானம் நல்லதுதான். ஆனால் நோயை ஞானம் என்று நினைத்து நாள் கடத்தினால், இழப்பு உங்கள் பிள்ளைக்குத்தான்.