மதுவிலிருந்து மீள ஒரு சத்சங்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காளிகாட்டிற்கு யாத்திரை சென்றவர்கள், அன்னையின் பிரசாதத்துடன் ஓர் ஓவியத்தையும் வாங்கித் திரும்புவது வழக்கம். கோயிலைச் சுற்றி வாழ்ந்த பட்டுவா ஓவியர்கள் அவற்றைத் தாளில் விரைவாக வரைந்து மலிவாக விற்றார்கள். தெய்வ உருவங்களோடு 'பாபு' என்ற நகரத்துச் செல்வந்தனின் உருவமும் அவற்றில் உண்டு. ஹூக்காவும் மதுவும் கேளிக்கையுமாகக் குடும்பச் சொத்தை அழித்தவனைப் படத்தில் கண்டு மக்கள் நகைத்தார்கள். ஆனால் நகைப்பால் எந்தக் குடிகாரனும் திருந்தியதில்லை. ஏளனத்திற்கு அஞ்சுபவன் மறைந்து குடிக்கிறான், அவ்வளவே.

அறிந்தும் விட இயலாதவர்

மதுவின் கேட்டை அன்றைய வங்காளம் உணராமலில்லை. கல்வியாளர் பியாரி சரண் சர்க்கார் 1860-களில் மதுவிலக்குச் சங்கம் அமைத்தார். தீனபந்து மித்ரா 'சதபார் ஏகாதசி' என்ற நாடகத்தில் நிம்சாந்த் என்னும் படித்த குடிகாரனைப் படைத்தார். அந்தப் பாத்திரத்தை மேடையில் ஏற்றுப் புகழ்பெற்றவர் கிரீஷ் சந்திர கோஷ் (1844–1912). அவரே பெருங்குடிப் பழக்கம் உடையவர். குடியின் கேட்டை நடித்துக் காட்டியவருக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தும் விட இயலவில்லை.

ஒருமுறை அவர் போதையோடு தட்சிணேசுவரம் சென்றபோது ஸ்ரீராமகிருஷ்ணர் அவரை வெறுக்கவில்லை. குடியை விடு என்று கட்டளையிடவுமில்லை. அன்போடு ஏற்றார். எந்த நியமத்தையும் தம்மால் கடைப்பிடிக்க இயலாது என்று ஒப்புக்கொண்ட கிரீஷ், பின்னர் தமது பொறுப்பு முழுவதையும் அவரிடமே ஒப்படைத்தார். இயலாமையை ஒளிக்காமல் சொன்ன இடத்தில்தான் மாற்றம் தொடங்கிற்று.

துயருற்றவருக்குத் துயருற்றவரே துணை

இதே உண்மையை வேறொரு வழியில் இருவர் கண்டனர். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் வில்சன் தொழிலில் தோல்வியுற்று விடுதியில் தனித்திருந்தார். மதுக்கூடம் அழைத்தது. தம்மைக் காத்துக்கொள்ள அவருக்கு ஒரு வழிதான் தோன்றியது: குடியால் வருந்தும் இன்னொருவருடன் பேசுவது. தொலைபேசியில் பலரிடம் விசாரித்து, டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். பில் அறிவுரை கூறவில்லை. தம் கதையைச் சொன்னார். டாக்டர் இறுதியாகக் குடித்த நாளாகக் கருதப்படும் 1935 ஜூன் 10, 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பின் பிறந்தநாளாயிற்று. இந்தியாவில் இதன் பணி 1957-இல் தொடங்கியது.

குடித்திருப்பவனிடம் காரணம் பேசிப் பயனில்லை என்பதையும், தெளிந்த நேரத்தில் பிறன் நிலையைக் காண்பவன் தன் நிலையை உணரக்கூடும் என்பதையும் வள்ளுவர் 'கள்ளுண்ணாமை' அதிகாரத்தில் சுட்டுகிறார். இக்கூட்டங்களில் நிகழ்வது அதுவே. ஒருவர் தம் வீழ்ச்சியைச் சொல்ல, கேட்பவர் அதில் தம்மையே காண்கிறார். 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வும், குடியை முற்றிலும் தவிர்க்க இம்முறை நன்கு உதவுகிறது என்று கண்டது.

கூட்டத்தில் என்ன நடக்கும்?

குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்குத் தகுதி. கட்டணம் இல்லை. முழுப்பெயரோ, முகவரியோ, சாதி சமயமோ கேட்பதில்லை. அங்கே கேட்டதை வெளியே சொல்வதில்லை. புதியவர் பேசியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பின்வரிசையில் அமர்ந்து கேட்டாலே போதும். இறைவனை அவரவர் உணர்ந்தவாறே கொள்ளலாம். வாழ்நாள் முழுவதும் குடிப்பதில்லை என்று சபதம் எடுப்பதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமலிருப்பதே உறுதி. முதல் கூட்டம் மனத்திற்கு ஒட்டாவிட்டால், வேறு இரண்டு மூன்று குழுக்களுக்காவது சென்று பார்த்தபின் முடிவு செய்வது நல்லது.

எப்படிக் கண்டறிவது?

காளிகாட்டை அடுத்த லேக் மார்க்கெட் பகுதியில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பத்தினர் ஆயினும், சிற்றூர் அன்பர்கள் ஆயினும் வழி ஒன்றே. அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ போதை மீட்பு மையத்திலோ கேட்கலாம். 14446 என்ற தேசிய உதவி எண்ணை இலவசமாக அழைக்கலாம். வெளியே செல்லத் தயங்குபவர்களுக்கு இணையவழிக் கூட்டங்களும் உண்டு. குடும்பத்தினருக்கென 'அல்-அனான்' குழுக்கள் தனியே கூடுகின்றன.

ஓர் எச்சரிக்கை: பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே முதலில் மருத்துவர், உடன் கூட்டம் என்பதே முறை. சென்னையில் டாக்டர் சாந்தி ரங்கநாதன் 1980-இல் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை, குடிநோய்க்கு மருத்துவமும் மனநல ஆலோசனையும் இணைந்தே வேண்டும் என்பதற்குச் சான்றாக விளங்குகிறது.

வீட்டில் ஒருவர் இத்துன்பத்தில் இருந்தால், அவரை நகைக்காமலும் வெறுக்காமலும், தெளிந்திருக்கும் ஒரு காலை வேளையில் அமைதியாகப் பேசி, கூட்டத்தின் வாயில் வரை உடன் செல்வதே செய்யத்தக்க தொண்டு. உள்ளே அவர் நிலையை அறிந்தவர்கள் காத்திருக்கிறார்கள்.