சுவரை உடைக்கும் முன் மாடலை முடிவு செய்யுங்கள்

வீட்டுப் பக்கம்: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

கேள்வி: எங்களுடையது இருபது ஆண்டுப் பழைய சொந்த வீடு. சமையலறையைப் புதுப்பிக்கப் போகிறோம். பில்ட்-இன் ஓவன், ஹாப், சிம்னி, டிஷ்வாஷர் நான்கையும் சேர்த்து வாங்கினால் நல்ல தள்ளுபடி என்கிறார் கடைக்காரர். "டைல்ஸ், கிரானைட் வேலை முடியட்டும், மெஷினை அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார் கான்ட்ராக்டர். யார் சொல்வதைக் கேட்பது?
(வாசகி, மதுரை)

பதில்: மாடலை இப்போதே முடிவு செய்யுங்கள், பெட்டியைக் கடைசியில் வரவழையுங்கள். ஹாப் உட்கார கிரானைட்டில் வெட்ட வேண்டிய அளவு மாடலுக்கு மாடல் மாறும். ஒரே நிறுவனத்தின் இரண்டு ஹாப்களுக்குக்கூட ஒரே அளவு இருக்காது. கல்லைக் கூடுதலாக வெட்டிவிட்டால் வேறு கல்தான் வாங்க வேண்டும். ஓவனுக்குப் பின்னால் எவ்வளவு காற்றிடம் விடுவது, டிஷ்வாஷரின் தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் எங்கே வர வேண்டும், பிளக் பாயின்ட் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அந்த மாடலின் இன்ஸ்டலேஷன் வரைபடத்தில் இருக்கும். அதைப் பிரின்ட் எடுத்து பிளம்பர், எலெக்ட்ரீஷியன், கிரானைட் போடுபவர், தச்சர் எல்லோர் கையிலும் கொடுத்துவிடுங்கள்.

பெட்டிகளை முன்கூட்டி இறக்கினால் சுவர் உடைக்கும் தூசியில்தான் கிடக்கும். பில் தேதியிலிருந்தே வாரன்டி ஓடத் தொடங்கும் பொருள்களும் உண்டு. தள்ளுபடியை விட மனமில்லை என்றால், முன்பணம் கட்டி விலையை உறுதி செய்துகொண்டு, "வேலை முடிந்தபின் டெலிவரி, அன்றைய தேதியில் பில்" என்று கடையில் எழுதி வாங்குங்கள்.

நான்கும் வேண்டுமா என்றும் யோசியுங்கள். தினமும் மூன்று வேளையும் உழைப்பவை ஹாப்பும் சிம்னியும்தான். அவற்றில் தாராளமாகச் செலவழிக்கலாம். கேக், ரொட்டி வாரந்தோறும் செய்யும் வீடு இல்லையென்றால் பில்ட்-இன் ஓவனுக்கு இப்போது இடமும் மின் இணைப்பும் மட்டும் ஒதுக்கிவைத்தால் போதும், பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: பழைய வயரிங் இவ்வளவையும் தாங்குமா?
(வாசகர், திருச்சி)

பதில்: ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 230 வோல்ட்டில் ஒரு 16 ஆம்பியர் பாயின்ட் தாங்குவது ஏறத்தாழ 3,680 வாட். ஓவன் ஒன்றே 3,000 வாட் வரை இழுக்கும். டிஷ்வாஷர் தண்ணீரைச் சுட வைக்கும்போது சுமார் 2,000 வாட், சாதாரண இண்டக்‌ஷன் அடுப்பும் அதே அளவு. பழைய வீடுகளில் சமையலறைக்கென்று ஒரே பவர் லைன் இழுத்து, அதிலேயே எல்லாவற்றையும் மாட்டியிருப்பார்கள். அது ஆபத்து. ஓவன், டிஷ்வாஷர், இண்டக்‌ஷன் ஒவ்வொன்றுக்கும் மெயின் போர்டிலிருந்து தனி லைன், தனி எம்.சி.பி. வேண்டும். 16 ஆம்பியர் லைனுக்கு 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி போடச் சொல்லுங்கள். நான்கு வளையமுள்ள இண்டக்‌ஷன் ஹாப் 7,000 வாட் வரை போகும். அதற்கு 32 ஆம்பியர் லைனும் 6 சதுர மி.மீ. கம்பியும் தேவை.

ஈரக் கையோடு வேலை செய்யும் இடம் என்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்க வேண்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். மொத்த வாட்டைக் கூட்டிப் பார்த்து, உங்கள் இணைப்புக்கு அனுமதித்த மின்பளுவைத் தாண்டினால், வேலை தொடங்கும் முன்பே மின்வாரியத்தில் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

கேள்வி: எங்களுக்கு போர் தண்ணீர்தான். பாத்திரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. டிஷ்வாஷர் வாங்கலாமா?
(வாசகி, தாம்பரம்)

பதில்: தாராளமாக வாங்கலாம், தண்ணீரைப் பரிசோதித்த பிறகு. டி.டி.எஸ். மீட்டர் காட்டும் எண் போதாது. பார்க்க வேண்டியது கடினத்தன்மை, அதாவது தண்ணீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும். அதைக் காட்டும் பட்டைகள் கடைகளில் கிடைக்கும். பல டிஷ்வாஷர்களின் கையேட்டில் இது ஜெர்மன் டிகிரியில் இருக்கும். ஒரு டிகிரி என்பது சுமார் 18 பி.பி.எம். உங்கள் தண்ணீர் 540 பி.பி.எம். என்றால் 30 டிகிரி. அந்த எண்ணை மெஷினில் செட் செய்தால், உள்ளேயிருக்கும் சாஃப்ட்னர் அதற்கேற்ப வேலை செய்யும். கையேடு சொல்லும் உச்ச அளவைத் தண்ணீர் தாண்டினால்தான் வெளியே தனி சாஃப்ட்னர் தேவை. சாஃப்ட்னருக்கு டிஷ்வாஷர் உப்பை மட்டுமே போடுங்கள். சமையல் உப்பு அதைக் கெடுத்துவிடும்.

பலர் கவனிக்காத இன்னொன்று தண்ணீர் அழுத்தம். பல மெஷின்கள் குறைந்தது 0.5 பார் கேட்கும். அதற்குத் தொட்டி, குழாயிலிருந்து ஐந்து மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். மாடிச் சமையலறைக்கு நேர் மேலே மொட்டைமாடியில் தொட்டி இருந்தால் அந்த உயரம் கிடைக்காது. குறைந்த அழுத்தத்தில் ஓடும் மாடலைத் தேடுங்கள், இல்லையேல் பிரஷர் பம்ப் வையுங்கள்.

எவர்சில்வர் பாத்திரங்களுக்கு டிஷ்வாஷர் மிகப் பொருத்தம். அலுமினிய இட்லித் தட்டு கறுத்துவிடும். இரும்புத் தோசைக்கல் துருப்பிடிக்கும். பித்தளை, செம்பு, மரக் கரண்டி ஆகியவற்றையும் கையால் கழுவுங்கள்.

கேள்வி: 1,500 சக்ஷன் சிம்னி வாங்கினால் தாளிப்புப் புகை நிற்காதல்லவா?
(வாசகி, ஈரோடு)

பதில்: அந்த எண்ணைவிடப் புகை வெளியே போகும் வழிதான் முக்கியம். குழாய் நீண்டு, வளைவுகள் கூடக் கூட இழுக்கும் திறன் குறையும். அதனால் ஹாப்பை வெளிச்சுவரை ஒட்டி அமைத்து, குழாயை நேராக வெளியே விடுங்கள். சிம்னிக்கு 6 அங்குலக் குழாய் என்றால் நடுவில் 4 அங்குலமாகக் குறைக்க விடாதீர்கள். காற்று போகும் பரப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும். சிம்னியின் அகலம் ஹாப்பின் அகலத்துக்குக் குறையக் கூடாது. உயரத்தைக் கையேட்டில் சொன்னபடி வையுங்கள். பெரும்பாலும் அது ஹாப்பிலிருந்து 26 முதல் 30 அங்குலம். வறுத்துப் பொரிக்கும் வீட்டுக்கு வலை ஃபில்டர் வேண்டாம், எண்ணெயில் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

கேஸ் சிலிண்டரை மேடைக்குக் கீழே அலமாரியில் வைத்தால், கதவின் அடிப்பகுதியில் காற்றுத் துளைகள் அவசியம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோடுதான் தேங்கும்.

கேள்வி: கான்ட்ராக்டருக்குப் பணம் எப்படிக் கொடுப்பது?
(வாசகர், கோவை)

பதில்: வேலை முடிய முடியத் தவணையாகக் கொடுங்கள். பிளைவுட் ஐ.எஸ். 710 தரமா, கம்பி என்ன அளவு, கீல் எந்த நிறுவனம் என்று ஒவ்வொன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். சுவரில் பூச்சு பூசும் முன், டேப்பைப் பிடித்து அளவு தெரியும்படி எல்லாக் குழாய்களையும் வயர்களையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆணி அடிக்கும்போது உதவும். கடைசிப் பத்து சதவீதத்தைக் கையில் வைத்திருங்கள். எல்லா மெஷினையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு ஒரு முழு விருந்து சமைத்துப் பாருங்கள். எம்.சி.பி. விழாமல், கழிவு நீர் தேங்காமல், புகை நிற்காமல் இருந்தால் அன்று மாலையே அந்தப் பணத்தையும் கொடுத்து, நன்றியும் சொல்லி அனுப்புங்கள்.