கர்வாலில் மழை விட்டது: ஹெம்ப்கிரீட் சுவருக்கு ஆட்களை இப்போதே பேசுங்கள்

உத்தராகண்டின் கர்வால் மலையில் செப்டம்பர் கடைசியில் மழை விலகுகிறது. ஹெம்ப் தண்டுத் துண்டும் சுண்ணாம்பும் கலந்த ஹெம்ப்கிரீட் சுவர் வார்க்க இதுதான் நல்ல காலம், ஆனால் குறுகிய காலம். உயரமான ஊர்களில் நவம்பர் நடுவிலேயே இரவுக்குளிர் கடுமையாகிவிடும். வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போனால் சுண்ணாம்பு இறுகுவது மந்தப்படும். இன்னும் இறுகாத சுவர் உறைந்தால் உதிரும். ஆகவே கடைசி வார்ப்பு அக்டோபருக்குள் முடியும்படி நாட்களைப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்.

முதலில் விடுமுறைக் கணக்கு. மலைக் கட்டுமானத்தில் நேபாளத் தொழிலாளர்கள் நிறையப் பேர். நவராத்திரியை ஒட்டி வரும் தசைனுக்கும், தீபாவளியை ஒட்டி வரும் திஹாருக்கும் அவர்கள் ஊருக்குப் போவார்கள். போகத்தான் வேண்டும். யார் எப்போது போகிறார், எப்போது திரும்புகிறார் என்று இன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது தக்கை, அதாவது நார் உரித்து நறுக்கிய ஹெம்ப் தண்டு. ஹெம்ப் சாகுபடியை இந்தியாவில் முதலில் அனுமதித்தது உத்தராகண்ட்தான், 2018-இல். ஆனால் இந்த வருஷப் பயிர் இந்தச் சுவருக்கு உதவாது. வெட்டி, ஊறவைத்து, நார் உரித்து, தண்டைக் காயவைத்து நறுக்குவதற்குள் பனிக்காலம் வந்துவிடும். போன அறுவடைத் தக்கையை வாங்குங்கள். பூஞ்சை வாடை வீசும் மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள்.

ஹெம்ப்கிரீட் பாரம் தாங்காது. கூரையைத் தாங்குவது மரச்சட்டம். எனவே ஆசாரி சட்டம் நிறுத்தி, கூரையும் போட்டு முடித்த பிறகே வார்ப்பு ஆட்கள் வரவேண்டும். தப்பி வரும் ஒரு மழையிலிருந்து சுவரைக் காப்பது அந்தக் கூரைதான். எலக்ட்ரீஷியன் வருவது இரண்டுக்கும் நடுவில். குழாயும் சுவிட்ச் பெட்டியும் அப்போதே பொருத்தப்படட்டும். அலமாரி, கழுவுதொட்டி வரும் இடங்களில் ஆசாரி சட்டத்தோடு மரக்கட்டை அடித்துவைக்கட்டும், ஏனென்றால் ஹெம்ப்கிரீட்டில் திருகு பிடிக்காது.

வார்ப்பு நாளில் வேகத்தைத் தீர்மானிப்பது கலவை இயந்திரம். ஒரு இயந்திரத்துக்கு இரண்டு பேர், பாண்டு சுமக்க இரண்டு பேர், கொட்டித் திமிசு போட மூன்று பேர், அச்சுப் பலகை ஏற்ற இரண்டு பேர் என்று தொடங்குங்கள். கலவை தரையில் குவிந்தால் திமிசுக்கு ஒருவரைக் கூட்டுங்கள். திமிசுக்காரர் கைகட்டி நின்றால் சுமப்பவரைக் கூட்டுங்கள்.

எடைக்கு, தக்கை ஒரு பங்கு என்றால் சுண்ணாம்புக் கலவை ஒன்றரை முதல் இரண்டு பங்கு. கையுறை போட்ட கையில் ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள்: உருண்டை நிற்கவேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக்கூடாது, விரலால் குத்தினால் இரண்டாக உடையவேண்டும். தண்ணீர் கூடினால் சுவர் காய மாதக்கணக்கில் இழுக்கும்.

திமிசு போடுவதுதான் இதில் நுணுக்கமான வேலை. கான்கிரீட்டில் பழகியவர் ஓங்கி இடிப்பார். இங்கே இடித்தால் உள்ளிருக்கும் காற்று போய்விடும், குளிரைத் தடுக்கும் குணமும் கூடவே போய்விடும். 15 செ.மீ. அடுக்காகக் கொட்டி, பலகை ஓரத்திலும் சட்டத்தைச் சுற்றியும் சற்று அழுத்தி, நடுவில் லேசாகத் தட்டினால் போதும். இந்த வேலைக்குக் கன அடிக் கூலி பேசாதீர்கள், நாள் கூலியே கொடுங்கள். அளவுக்குப் பணம் என்றால் கை தானாகவே ஓடும். பொறுமையான ஆளைத் தேர்ந்து, நல்ல கூலி கொடுத்து, அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

சாயங்காலம் சுற்றிலும் ஒரே மட்டத்தில் நிறுத்துங்கள். மறுநாள் அந்த மேற்பரப்பைக் கீறி, லேசாக நனைத்துத் தொடருங்கள். பலகையை மறுநாளே கழற்றி மேலே ஏற்றலாம்.

சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் பொசுக்கும். கண்ணாடி, கையுறை, முகக்கவசம் இல்லாதவரை இயந்திரத்தருகே விடாதீர்கள். சுத்தமான தண்ணீர் ஒரு வாளி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பூச்சு ஆட்களை இப்போது பேசவேண்டாம். ஓரடிச் சுவர் காய ஆறு முதல் எட்டு வாரம், குளிரில் இன்னும் கூடுதலாகவும் ஆகும். அதற்குள் உறைபனி வந்துவிடும். சுவரைக் காற்றோட்டமாக விட்டுவைத்து, மார்ச்சில் சுண்ணாம்புப் பூச்சுக்கு நாள் குறியுங்கள். சிமெண்ட் பூச்சு கேட்கும் வீட்டுக்காரரிடம், அது உள்ளே ஈரத்தை அடைத்துவிடும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.