வட்டி இறங்கிவிட்டதா தங்கச்சி? வா, கணக்குப் போடலாம்

பேங்க் நெகாரா 2025 ஜூலை 9 அன்று ஓபிஆர் வட்டியை 3.00 விழுக்காட்டிலிருந்து 2.75-க்கு இறக்கியது. ஐந்து வருஷத்தில் அதுதான் முதல் இறக்கம். கால் விழுக்காடுதானே என்று கண்டுகொள்ளாமல் விட்டவர்கள் உண்டு. இனி வாடகையும் தானாக இறங்கும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. இரண்டும் சரியில்லை. வட்டி இறங்கும்போது நட்டம் நம் வீடு தேடி வந்துவிடும். லாபத்தைத்தான் நாம் போய்க் கேட்டு வாங்க வேண்டும். யாரிடம், எப்படிக் கேட்பது என்று சொல்கிறேன், கேள்.

பேங்குகள் தங்களுக்குள் ஒரு ராத்திரிக்குக் கைமாற்று வாங்கிக்கொள்ளும் வட்டிதான் ஓபிஆர். அது அசைந்தால் வீட்டுக் கடன் வட்டியும் எஃப்டி வட்டியும் அசையும். நம் பெற்றோர் 1998-ஐ மறந்திருக்க மாட்டார்கள். அப்போது பேங்குகளின் கடன் வட்டி 12 விழுக்காட்டைத் தாண்டியது. கோவிட் வந்த 2020-இல் ஓபிஆர் நான்கு முறை இறங்கி 1.75-இல் நின்றது. அதற்குக் கீழே அது போனதே இல்லை. ஆக, இந்த ஏற்ற இறக்கம் நமக்குப் புதிதில்லை.

வாடகைக்கு இருக்கிறாயா?

முதலில் கசப்பான செய்தி. வட்டி இறங்கியதால் வாடகை இறங்காது. உன் வீட்டுக்காரர் கடனே இல்லாமல் முப்பது வருஷத்துக்கு முன் வாங்கிய வீடாக இருந்தால் ஓபிஆர் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. சிலிபினிலோ மெங்லெம்புவிலோ ஒரு லிங்க் வீட்டுக்கு என்ன வாடகை என்பதைப் பேங்க் தீர்மானிப்பதில்லை. அந்த வட்டாரத்துச் சம்பளமும், எத்தனை வீடு காலியாகக் கிடக்கிறது என்பதும்தான் தீர்மானிக்கின்றன. ஈப்போவில் உனக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, பூட்டிக் கிடக்கும் வீடுகள் இங்கே பல தாமான்களில் இருக்கின்றன. அதனால் வட்டியைக் காட்டிப் பேசாதே. காலி வீட்டைக் காட்டிப் பேசு.

700 வெள்ளி வாடகை வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் வீட்டுக்காரருக்கு அந்த 700 போச்சு. அதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 58 வெள்ளி. ஒழுங்காக வாடகை கட்டும் நீ, "தவுக்கே, ரெண்டு வருஷம் கையெழுத்துப் போடுறேன், வாடகையை ஏத்தாதீங்க" என்று கேட்டால் அதில் அவருக்கும் கணக்கு உதைக்காது. என் அனுபவத்தில், வாடகையைக் குறை என்றால் முகம் சுளிப்பவர்கள் ஏற்றாதே என்றால் சம்மதிப்பார்கள். இல்லையென்றால் ஒழுகும் கூரையைச் சரிசெய்து தரச் சொல், அதுவும் காசுதான்.

பேசியதை எழுத்தில் வாங்கு. இரண்டு மாத டெபாசிட், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் என்று கொடுக்கிறாயே, அதற்கு ரசீது வேண்டாமா? வீட்டு வாடகைக்கென்று தனிச்சட்டம் நம் நாட்டில் இன்னும் வரவில்லை, பல வருஷமாகப் பேச்சோடு நிற்கிறது. ஒப்பந்தத் தாள்தான் உனக்குப் பாதுகாப்பு. அதற்கு முத்திரை வரி கட்டியிருக்க வேண்டும். கட்டாத தாளைக் கோர்ட்டில் சாட்சியாக எடுக்க மாட்டார்கள். 700 வெள்ளி வாடகைக்கு ஒரு வருஷ ஒப்பந்தம் என்றால் வரி 34 வெள்ளி. இரண்டு வருஷம் என்றால் 102. கையெழுத்துப் போட்ட 30 நாளுக்குள் கட்டிவிடு.

வீட்டுக்காரர் கோபத்தில் பூட்டை மாற்றினாலோ, தண்ணீரையும் கரண்டையும் வெட்டினாலோ பயந்து சாமானைத் தூக்காதே. வாடகை பாக்கி இருந்தாலும் கோர்ட் உத்தரவு இல்லாமல் உன்னை வெளியேற்ற அவருக்கு உரிமை இல்லை. 1950-ஆம் ஆண்டுச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது.

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறாயா?

கம்பாரில் யூதார் மாணவர்களுக்கு அறை விட்டிருப்பவர்களும், தோட்டத்தை விட்டு வந்து செமோரில் ஒரு வீடு, பெர்ச்சாமில் ஒரு வீடு என்று சேர்த்தவர்களும் நம்மில் இருக்கிறார்கள். உங்கள் கடன் எந்த வகை என்று முதலில் பாருங்கள். மிதக்கும் வட்டிக் கடனாக இருந்தால் தவணை குறையும். 2022 ஆகஸ்டுக்குப் பிறகு எடுத்த கடன் பெரும்பாலும் எஸ்பிஆர் கணக்கில் இருக்கும். அது ஓபிஆரை ஒட்டியே ஏறி இறங்கும். அரசு ஊழியர் வீட்டுக் கடனும் கார் கடனும் நிலையான வட்டி. அவை அசையாது.

300,000 வெள்ளிக் கடன், முப்பது வருஷம், வட்டி 4.25-லிருந்து 4 விழுக்காடு ஆகிறது என்று வை. தவணை 1,476-லிருந்து 1,432-க்கு இறங்கும். மாதம் 44 வெள்ளி. இதை வைத்து ஒரு தடவை குடும்பத்தோடு பனானா லீஃப் சாப்பிடலாம், அவ்வளவுதான். ஆனால் தவணையைக் குறைக்காமல் பழைய 1,476-ஐயே கட்டிவந்தால் கடன் சுமார் 20 மாதம் முன்னதாகவே முடிந்துவிடும். நான் சொல்வது இரண்டாவது வழி.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நீ கூடுதலாகக் கட்டும் காசைச் சில பேங்குகள் அடுத்த மாதத் தவணைக்கு முன்பணம் என்று எடுத்து வைத்துவிடும். அசல் குறையாது, வட்டியும் குறையாது. "இந்தத் தொகையை அசலில் கழியுங்கள்" என்று எழுதிக் கொடுத்தால்தான் கழிப்பார்கள். பேங்குக்குப் போன் போட்டு உன் கடனில் அது எப்படி நடக்கிறது என்று இன்றே கேள்.

வேறு பேங்குக்குக் கடனை மாற்றச் சொல்லி ஏஜெண்டுகள் இந்த நேரத்தில் அதிகம் வருவார்கள். 300,000 கடனுக்கு முத்திரை வரி மட்டும் 1,500 வெள்ளி. வக்கீல் கூலி தனி. முதல் சில வருஷத்துக்குள் மாற்றினால் பழைய பேங்க் அபராதமும் கேட்கலாம். மாதம் 44 வெள்ளி மிச்சம் பிடிக்க இவ்வளவும் கொடுத்தால் முத்திரை வரியை மீட்கவே மூன்று வருஷம் ஆகும்.

வாடகை வருமானத்தை வருமான வரிக் கணக்கில் காட்ட மறக்காதே. கடனின் வட்டி, நில வரி, மாநகர் மன்றத்து வீட்டு வரி, பழுது பார்த்த செலவு எல்லாம் கழிக்கலாம், அசலைக் கழிக்க முடியாது. வட்டி குறைந்தால் கழிவும் குறையும்.

அப்பா அம்மாவின் சேமிப்பு

எனக்கு உண்மையில் கவலை இங்கேதான். வட்டி இறக்கத்தில் அடி வாங்குகிறவர்கள் இவர்கள். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டி, பிறகு செம்பனை வந்து, லயத்து வீட்டையும் காலி செய்து டவுனுக்கு வந்தவர்கள் கையில் மிஞ்சியது இபிஎஃப் காசு ஒன்றுதான். அதை 55 வயதில் மொத்தமாக எடுத்து எஃப்டியில் போடுவதே நம் ஆட்களின் பழக்கம்.

எடுத்தே ஆகவேண்டும் என்று யார் சொன்னது? 100 வயதுவரை இபிஎஃப்பில் விட்டு வைக்கலாம், டிவிடெண்டும் வந்துகொண்டே இருக்கும். தேவைப்படும்போது தேவையான அளவு எடுத்துக்கொள்ளலாம். 2024-க்கு இபிஎஃப் கொடுத்தது 6.30 விழுக்காடு. கோவிட் வருஷமான 2020-இல்கூட 5.20 கொடுத்தது. 80,000 வெள்ளியை எஃப்டியில் இரண்டரை விழுக்காட்டுக்குப் போட்டால் வருஷத்துக்கு 2,000. அதே காசு 6.30-இல் 5,040. டிவிடெண்ட் எல்லா வருஷமும் இப்படியே இருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வழக்கமான கணக்குக்குச் சட்டம் உறுதி சொல்வது 2.5 விழுக்காடு மட்டுமே. அப்படியிருந்தும் இரண்டில் எது என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏற்கெனவே எடுத்துவிட்டவரும் 75 வயதுக்குள் இருந்தால் சொந்தமாகச் சந்தா போடலாம், வருஷத்துக்கு 100,000 வெள்ளி வரை.

பலகாரம் சுட்டு விற்கிறவள், துணி தைக்கிறவள், வீட்டில் டியூஷன் சொல்லித் தருகிறவள், நீங்கள் ஐ-சாரான் திட்டத்தில் பதியுங்கள். 2025 முதல், போடும் காசில் 20 விழுக்காடு அரசாங்கம் சேர்த்துப் போடுகிறது. வருஷத்துக்கு அதிகபட்சம் 500 வெள்ளி, மொத்த ஆயுளுக்கு 5,000. 2,500 போட்டால் 500 சும்மா வருகிறது. எந்த எஃப்டி இதைத் தரும்?

எஃப்டியே வேண்டாம் என்று சொல்லவில்லை. மருந்துச் செலவுக்கும் அவசரத்துக்கும் அது வேண்டும். ஆனால் 60,000 வெள்ளியை ஒரே சீட்டாகப் போடாதே. ஆறு பத்தாயிரமாகப் பிரித்து வெவ்வேறு மாதத்தில் முதிரும்படி போடு. 2019 முதல், தவணைக்கு முன் எஃப்டியை உடைத்தால் வட்டி ஒரு காசும் கிடையாது. பிரித்துப் போட்டிருந்தால் அம்மாவை அவசரமாக மருத்துவமனையில் சேர்த்தாலும் ஒரு சீட்டைத்தான் உடைப்பாய்.

முதிரும் தேதியைக் காலண்டரில் குறித்து வை. நீ போகாவிட்டால் பேங்க் தானாகவே புதுப்பித்துவிடும், அதுவும் பலகையில் போட்டிருக்கும் சாதாரண வட்டிக்கு. சலுகை வட்டி கேட்கிறவருக்குத்தான். வேறு பேங்கிலிருந்து வரும் புதுக் காசுக்கே சலுகை என்று பல இடங்களில் சொல்வார்கள், அப்படியானால் மாற்றிக்கொண்டு போ. கூச்சப்படாதே, பேங்க் உனக்கு மாமன் மச்சான் இல்லை. பிஐடிஎம் ஒரு பேங்கில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை பாதுகாப்புக் கொடுக்கிறது. கவுண்டரில், எஃப்டியோடு சேர்த்து யூனிட் டிரஸ்டோ இன்சூரன்ஸோ எடுத்தால் வட்டி கூடும் என்றால், முழுக் கணக்கையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்.

எஃப்டி வட்டி போதவில்லை என்று பெரியவர்கள் முணுமுணுக்கும் நேரம் பார்த்துத்தான் வீட்டு வாசலுக்கு ஆள் வரும். மாதத்துக்கு ஐந்து விழுக்காடு, நம்ம ஆளு, கோயில் கமிட்டியில் இருப்பவர் என்பான். நம் சமூகத்துக்கு இந்தப் பாடம் புதிதா? 1980-களில் ம.இ.கா. தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸில் தோட்டத்து மக்கள் நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கினார்கள். 2010-இல் கைமாறியபோது ஒரு வெள்ளிப் பங்குக்குக் கிடைத்தது 80 சென். 1986-இல் வைப்புப் பணம் வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டு, நாடு முழுக்க மக்கள் பணத்துக்காக அலைந்தார்கள். கூட்டுறவு என்றாலே மோசம் என்றில்லை. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளர் சந்தாவில் தோட்டங்களையே வாங்கியது. ஆனால் கூட்டுறவில் போடும் வைப்புக்கு பிஐடிஎம் பாதுகாப்பு கிடையாது என்று தெரிந்துகொண்டு போடு. கூட்டு பிடிப்பதைத் தொழிலாக நடத்துவது 1971 முதலே சட்டவிரோதம். சொந்தக்காரி பிடிக்கும் கூட்டு உடைந்தால் காசும் போகும், உறவும் போகும்.

புதிதாக யாராவது திட்டம் கொண்டுவந்தால் பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார். பெயர் இல்லையென்பதால் மட்டும் நம்பிவிடாதே. பணத்தை மாற்றிவிட்ட பிறகு ஏமாந்தது தெரிந்தால் அந்த நிமிஷமே 997-க்கு அழை. நேரம் போகப் போகக் காசு கைமாறிவிடும்.

இறங்காத வட்டிகளும் உண்டு

ஓபிஆர் எவ்வளவு இறங்கினாலும் கிரெடிட் கார்டு நிலுவைக்கு 15 முதல் 18 விழுக்காடுதான். அடகுக் கடையில் மாதம் 2 விழுக்காடு வரை வாங்கலாம், வருஷத்துக்கு 24 ஆகிறது. லைசென்ஸ் உள்ள வட்டிக் கடை அடமானம் இல்லாத கடனுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது; அதற்கு மேல் கேட்டால் அவன் ஆலோங். இபிஎஃப்பில் 6 விழுக்காடு சம்பாதித்துக்கொண்டே கார்டுக்கு 18 கட்டுவதில் அர்த்தமே இல்லை. கார்டுக் கடன் இருந்தால், தவணை குறைந்து மிச்சமாகும் 44 வெள்ளி முதலில் அங்கே போகட்டும். அடகில் இருக்கும் தாலிக்கொடியை மீட்பது எந்த எஃப்டியைவிடவும் நல்ல முதலீடு.

கடன் கைமீறிப் போயிருந்தால் ஆலோங்கிடம் போவதற்கு முன் ஏகேபிகேவிடம் போ. பேங்குகளோடு பேசித் தவணையைச் சீரமைத்துத் தருவார்கள். ஈப்போவிலும் அவர்களுக்குக் கிளை இருக்கிறது, ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது.