அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்

துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிற பிள்ளை, விசைப்படகில் போகிற பிள்ளை, கல்லூரிக்குப் போகிற பிள்ளை என எல்லாரும் நம் வீடுகளில் உண்டு. கூட்டத்தில் நாங்கள் எச்.ஐ.வி. பற்றிப் பேச்செடுத்தால், "நம்ம பிள்ளைங்களுக்கு அது எதுக்கு?" என்றுதான் முதல் குரல் வரும்.

தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நம்பிக்கை மையம் இருக்கிறது. பரிசோதனை இலவசம். ஆலோசகர் தனியாகப் பேசி, சம்மதம் கேட்டபிறகுதான் ரத்தம் எடுப்பார்கள். துரிதப் பரிசோதனையில் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். கிருமி இருப்பதாகக் காட்டினால், வேறு இரண்டு வகைப் பரிசோதனையும் செய்து உறுதிப்படுத்திய பிறகே சொல்வார்கள்.

"இல்லை" என்று வந்தாலும் கவனம் வேண்டும். கிருமி உடலில் நுழைந்த உடனே ரத்தத்தில் தெரியாது. சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். அதனால் மறுபடி ஒரு தடவை பார்க்கச் சொல்வார்கள். ஆணுறை எப்போதும் வேண்டும்.

18 வயது முடிந்த மகனோ மகளோ, அவர்கள் சம்மதம் இல்லாமல் முடிவைப் பெற்ற தாய்க்குக்கூடச் சொல்லக் கூடாது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. "பெத்தவளுக்குத் தெரியக் கூடாதா?" என்று கோபம் வரும், நியாயம்தான். ஆனால் அம்மாவுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம்தான் பல பிள்ளைகளை அந்த வாசலில் ஏறவிடாமல் தடுக்கிறது. சீட்டைக் காட்டச் சொல்லாதீர்கள். "போய்ப் பாத்துட்டு வா, பஸ்ஸுக்குக் காசு தாரேன்" என்றால் போதும்.

கிருமி இருந்தாலும் கூட்டு மருந்து 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. தினமும் விடாமல் சாப்பிட்டால் வேலைக்குப் போகலாம், கல்யாணம் செய்யலாம், கிருமி இல்லாத குழந்தையும் பெறலாம். சந்தேகம் கேட்க 1097-க்குப் போன் செய்யுங்கள், காசு கிடையாது.