கம்பி வழி வந்த இடி

சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். ஐப்பசியில், இங்கே துலாவர்ஷம் என்பார்களே, அந்த இடிமழை மாலையொன்றில் மின்தராசும் அதனோடு இணைத்திருந்த கணினியும் சேர்ந்தே பழுதாயின. நடுவே ஓடிய ஆர்.எஸ்.-232 கேபிள்தான் காரணம். எடை விவரத்தைக் கொண்டுசெல்வதோடு, இரு கருவிகளின் 'கிரவுண்டை'யும் அது இணைக்கிறது. இடியின்போது இரு முனைகளிலும் மின்னழுத்தம் வேறுபட்டால் மின்சாரம் அவ்வழியே பாய்ந்துவிடும்.

பிறகு 'ஐசொலேட்டட் சீரியல் கார்டு' பொருத்தினேன். தராசின் சைகை அதற்குள் ஒரு சிறு எல்.இ.டி.யை மின்னவைக்கும், எதிரேயுள்ள ஒளியுணரி அதைப் படித்துக் கணினிக்குச் சொல்லும். இடைவெளியைக் கடப்பது வெளிச்சம்; செம்புக் கம்பி அல்ல. வாங்கும்போது எத்தனை வோல்ட் தாங்கும், கிரவுண்டும் பிரிந்திருக்கிறதா என இரண்டையும் கேளுங்கள். 2,500 வோல்ட் தாங்குபவை உண்டு. ஆனால் நேரடி இடிக்கும், கரண்டு லைன் வழி வரும் இடிக்கும் இது காவலல்ல. வானம் கறுத்தால் பிளக்கையும் கேபிளையும் கழற்றிவிடுகிறேன்.